கிழிந்த ஸ்பீக்கரில் பிறந்த ஓசை

1951 மார்ச் மாதம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து மெம்ஃபிஸ் நகரத்துக்கு, 61ஆம் நெடுஞ்சாலை வழியாக ஒரு கார் போய்க்கொண்டிருந்தது. ஐக் டர்னர் என்ற இளைஞரின் இசைக்குழு முதல் முறையாக ரெக்கார்டிங்குக்குப் போகிறது. போய்ச் சேர்ந்து சாமான்களைப் பிரித்தால், கிடார் வாசிக்கும் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் கெட்டிருந்தது. காரிலிருந்து கீழே விழுந்துவிட்டது என்று ஒரு கதை. மழையில் நனைந்துவிட்டது என்று இன்னொரு கதை. எப்படியானாலும் ஸ்பீக்கரின் கூம்பு சேதமாகிவிட்டது.

ஸ்டூடியோவின் சொந்தக்காரர் சாம் பிலிப்ஸ். மூன்று ஆண்டுகள் கழித்து இதே கட்டடத்தில் எல்விஸ் பிரெஸ்லியைப் பாட வைத்தவர். அன்று அவர் ரெக்கார்டிங்கைத் தள்ளிப்போடவில்லை. காகிதத்தைச் சுருட்டி ஸ்பீக்கருக்குள் திணித்தார், வாசிக்கச் சொன்னார். கிடார் கரகரவென்று, தொண்டை கட்டியவன் பாடுவதைப் போல ஒலித்தது. பிலிப்ஸுக்கு அது பிடித்துப்போனது. அந்தக் கரகரப்பைப் பின்னால் ஒளித்து வைக்காமல் பாட்டின் முன்வரிசையிலேயே உட்கார வைத்தார்.

அந்தப் பாட்டுதான் ‘ராக்கெட் 88’. ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனியின் காரைப் புகழும் பாட்டு. அமெரிக்காவின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. உலகின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு இதுதான் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் நிறைய உண்டு. இசைத்தட்டில் ‘ஜாக்கி பிரென்ஸ்டன் அண்ட் ஹிஸ் டெல்டா கேட்ஸ்’ என்று அச்சாகியிருக்கும். அப்படி ஒரு குழுவே கிடையாது. வாசித்தது ஐக் டர்னரின் ஆட்கள். பாடிய பிரென்ஸ்டன் அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர்.

பாப் இசை பற்றிய துணுக்குகளில், யார் எத்தனை இசைத்தட்டு விற்றார் என்பதைவிட இந்த மாதிரிக் கதைகளுக்குத்தான் ருசி அதிகம். கெட்டுப்போன கருவி, மறந்துபோன வேலை, விலைபோகாத மெஷின் ஆகியவற்றிலிருந்து புதுப்புது ஓசைகள் கிளம்பியிருக்கின்றன. ஆனால் பழுது தானாகப் பாட்டாகிவிடுவதில்லை. எல்லா ஸ்டூடியோக்களிலும் ஏதாவது கெட்டுக்கொண்டுதான் இருக்கும். ‘இது இப்படியே இருக்கட்டும்’ என்று சொல்லும் காது எல்லா ஸ்டூடியோக்களிலும் இருப்பதில்லை.

அப்படி ஒரு காது நாஷ்வில் நகரத்தில் இருந்தது. அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையின் தலைநகரம் அது. மெருகு, சுத்தம், துல்லியம் இவைதான் அங்கே மரியாதை. மார்ட்டி ராபின்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் ‘டோன்ட் வொரி’ என்ற சோகப் பாட்டைப் பதிவு செய்கிறார். நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிடாரில் ஒரு தனி வாசிப்பு வாசிக்கிறார். வாசித்தது கிடார், வெளியே வந்ததோ தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு ரீங்காரம். மிக்ஸிங் மேஜையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. ஒலிப்பதிவு செய்த கிளென் ஸ்னாடியும் மற்றவர்களும் யோசித்துப் பார்த்து, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961இல் அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போய்ப் பத்து வாரம் இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. அந்த டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்ச நாளில் முழுசாகவே செத்துப்போனது. மற்ற கலைஞர்களோ அதே ஓசை வேண்டும் என்று வந்து நின்றார்கள். கெட்டுப்போன பொருளை மறுபடி அதேபோலக் கெடுப்பது எப்படி? ஸ்னாடி டிரான்சிஸ்டர்களை வைத்து, அந்த ரீங்காரத்தை வேண்டும்போது எழுப்பும் ஒரு சின்ன சர்க்யூட்டைச் செய்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கிக் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் 1962இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கடைகள் ஆசையாக வாங்கி அடுக்கின. ஆட்கள் வாங்கவில்லை. பெட்டிகள் தூசி படிந்து கிடந்தன.

அவற்றைக் காப்பாற்றியது ஒரு தூக்கம். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், பாதித் தூக்கத்தில் எழுந்து ஒரு மெட்டைக் கேசட்டில் வாசித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார். காலையில் போட்டுக் கேட்டால் கொஞ்சம் கிடார், மிச்சம் முழுக்கக் குறட்டை. அந்த மெட்டுதான் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’. ஹாலிவுட் ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தபோது ஃபஸ்-டோன் பெட்டியை மாட்டி வாசித்தார். அதுவும் ஒரு தற்காலிக ஏற்பாடுதான். பிறகு அந்த இடத்தில் டிரம்பெட், சாக்ஸபோன் வாசிக்க வைக்கலாம் என்பது அவர் எண்ணம். அதற்குள் பாட்டு வெளியாகிவிட்டது. அமெரிக்காவில் முதலிடத்துக்கும் போய்விட்டது. கடைகளில் தூசி படிந்திருந்த பெட்டிகளும் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. அதே ஆண்டு ஓடிஸ் ரெடிங் அந்தப் பாட்டைத் தன் பாணியில் பாடிப் பதிவு செய்தார். அதில் அந்த மெட்டை ஊதுவாத்தியங்கள்தாம் வாசிக்கின்றன. ரிச்சர்ட்ஸ் மனதில் நினைத்திருந்த பாட்டு ரெடிங்கிடம் போய்ப் பிறந்தது என்றே சொல்லலாம்.

‘கிடாரில் கரகரப்பைக் கொண்டுவந்த முதல் பாட்டு எது?’ என்று வினாடி வினாவில் கேட்டால் பலரும் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ என்பார்கள். பதினான்கு வருஷம் தாமதமான பதில் அது. ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷ’னுக்கு முந்தைய ஆண்டே லண்டனில் ‘தி கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் என்ற பதினேழு வயதுப் பையன், தன் குட்டி ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரைப் பிளேடால் கீறிவிட்டு ‘யூ ரியலி காட் மீ’ வாசித்திருந்தான். மெம்ஃபிஸில் தற்செயலாகக் கிழிந்தது. லண்டனில் வேண்டுமென்றே கிழித்தார்கள்.

அமெரிக்காவுக்குத் தெற்கே ஜமைக்கா தீவில் நடந்தது வேறு வகைத் தவறு. அங்கே ‘சவுண்ட் சிஸ்டம்’ என்றால் நம் ஊர்த் திருவிழா மைக் செட் மாதிரி. ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி, திறந்தவெளியில் இசைத்தட்டு போட்டு ஊரையே ஆட வைப்பார்கள். 1960களின் கடைசியில், ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்காக ‘தி பாராகன்ஸ்’ குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டைத் தனித் தட்டாக வெட்டிக்கொண்டிருந்தார் ஒலிப்பதிவாளர் பைரன் ஸ்மித். பாடகர்களின் குரல் இருக்கும் டிராக்கைச் சேர்க்க மறந்துவிட்டார். வெறும் தாளமும் வாத்தியங்களும் மட்டும் பதிவாகின.

ரெட்வுட் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றிரவு ஆட்டத்தில் முதலில் குரல் உள்ள தட்டைப் போட்டார். அடுத்து குரல் இல்லாத தட்டு. கூட்டம் மொத்தமும் தானே பாட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச காலத்தில் ஜமைக்காவில் வரும் இசைத்தட்டுகளின் பின்பக்கத்தில் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ போடுவது வழக்கமானது. ரேடியோ, மின்சாதனங்கள் பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த கிங் டப்பி, இந்த வெர்ஷன்களில் எதிரொலியைச் சேர்த்து, வாத்தியங்களை இழுத்தும் நிறுத்தியும் விளையாடி, ‘டப்’ என்ற தனி இசை வகையையே உருவாக்கினார். ஒலிப்பதிவு மேஜையையே வாத்தியமாக வாசித்தவர் அவர்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயதில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க், இந்தச் சவுண்ட் சிஸ்டம் பழக்கத்தைக் கையோடு கொண்டுபோனார். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவில் தங்கை நடத்திய விருந்துக்கு அவர் இசைத்தட்டு போட்டதைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளில், அதே பிராங்ஸில் தியோடர் என்ற சிறுவன் தன் அறையில் சத்தமாகப் பாட்டு போட்டுக்கொண்டிருக்க, அம்மா வந்து கதவருகே நின்று திட்டினார். பையன் சுழலும் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி முன்னும் பின்னும் அசைத்தான். ‘விக்கி விக்கி’ என்று வந்த ஓசை அவனுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் ‘ஸ்கிராட்ச்’. பிற்பாடு அவர் கிராண்ட் விசார்ட் தியோடர் ஆனார். திட்டிய அம்மாவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ‘டிஆர்-808’ டிரம் மெஷின், பழுதையே பாகமாக வைத்துப் பிறந்தது. அதன் ஓசையில் வரும் சலசலப்புக்காக, மற்ற தொழிற்சாலைகள் கழித்துக்கட்டிய டிரான்சிஸ்டர்களை நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி வாங்கினார். நிஜ டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று வாத்தியக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மொத்தம் சுமார் 12,000 மெஷின்கள்தான் தயாராகின. டிரான்சிஸ்டர் தயாரிப்பு முன்னேறி, கழிவே வராமல் போனதும் 808க்குப் பாகம் கிடைக்கவில்லை, 1983இல் நிறுத்திவிட்டார்கள். தரம் உயர்ந்ததால் செத்துப்போன மெஷின் இதுவாகத்தான் இருக்கும். அதன் பிறகு அடகுக் கடைகளில் மலிவாகக் கிடைத்த 808ஐக் காசில்லாத ஹிப்-ஹாப் பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதன் தம்பி ‘டிபி-303’. கிடார்காரர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பேஸ் வாசிக்கத் துணையாகச் செய்யப்பட்டது. துணையாக இருக்கத் துப்பில்லாமல் தோற்றது. சிகாகோவில் ‘ஃபியூச்சர்’ என்ற மூவர் குழு, மலிவு விலையில் வாங்கிய 303இன் குமிழ்களை ஓடும்போதே திருகிப் பார்க்க, அது நெளிந்து நெளிந்து கீச்சிட்டது. 1987இல் அது ‘ஆசிட் டிராக்ஸ்’ ஆக வெளிவந்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற வகை பிறந்தது. இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1982இல், மும்பையில் ஒருவர் இதே 303ஐயும் 808ஐயும் வைத்து பைரவி, லலித் என்று ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டிருந்தார். இந்திப் பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங். ஆல்பம் விற்கவில்லை. 2010இல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பு வந்தபோது, மேற்கத்திய இசைப் பத்திரிகைகள் ‘சிகாகோவுக்கு முன்பே ஆசிட் ஹவுஸா?’ என்று வியந்தன. அவர் புது வகை எதையும் தேடவில்லை. ராகம் வாசித்தார், அவ்வளவுதான். எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளுக்கும் போய் வாசித்துவிட்டு, 2015இல் காலமானார்.

ஆட்டோட்யூன் கதை பலருக்கும் தெரிந்ததே. எண்ணெய்க் கிணறு தேட நில அதிர்வு அலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற பொறியாளர், பாடகரின் சுருதி பிசகைச் சத்தமில்லாமல் திருத்த 1997இல் வெளியிட்ட மென்பொருள் அது. திருத்தும் வேகத்தை முழுசாக ஏற்றிவிட்டால் குரல் இயந்திரம் போல மடங்கும். மறு ஆண்டு ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் அதைத்தான் செய்தார்கள். தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, தயாரிப்பாளர் வேறொரு கருவியின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச காலம் பத்திரிகைகளைத் திசைதிருப்பியதும் நடந்தது.

இவற்றில் ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருக்கிறவர்கள் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’யைத் தேடிப் போடுங்கள். பாதிப் பாட்டு வரை பியானோவும் மென்மையான குரலுமாகப் போகும். அதன் பிறகு ஓர் இடத்தில் ஹெட்ஃபோன் கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்கத் தோன்றும். ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை. அதுதான் நாஷ்வில் டிரான்ஸ்ஃபார்மர்.