கடை முத்திரை மங்காமல் அச்சாக

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்ச் சந்தையில் நம் ஊர்ப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பாக்கெட்டில் கடை முத்திரை மங்கலாக இருந்தால் நல்ல சரக்கையும் போலி என்று சந்தேகிப்பார்கள். அச்சடித்த ஸ்டிக்கரும் வீணாகும்.

காரணம் இதுதான். கோரல்டிராவில் வரையும் முத்திரை கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுகிறது. இது வெக்டர் கோப்பு. எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாது. படமாக மாற்றினால் அது வெறும் புள்ளிகளாகிவிடும். புள்ளிகள் போதாவிட்டால் ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும்.

ஆகவே அச்சாகும் அளவை முதலில் அளந்துகொள்ளுங்கள். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 2 அங்குல முத்திரைக்கு 600 புள்ளி அகலம். 4 அங்குலத்திற்கு 1200. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் தெளிவு வராது. மூலக் கோப்பிலிருந்தே புதிதாக எடுக்க வேண்டும். பி.என்.ஜி. வகையில் எழுத்தோரம் சுத்தமாக இருக்கும், ஜே.பி.ஜி.யில் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

அச்சகத்தார் மூலக் கோப்பையே ஏற்பார்கள் என்றால் அதுவே மேல். வரைந்தவரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.