மகரந்த வளர்ச்சியில் புரதக் கைனேசுகள்

புரதக் கைனேசு என்பது ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாசுபேட்டுத் தொகுதியை எடுத்து வேறொரு புரதத்தின் மீது சேர்க்கும் நொதி ஆகும். பாசுபோரிலேற்றம் எனப்படும் இச்செயலால் அந்தப் புரதத்தின் செயற்பாடு தூண்டப்படலாம் அல்லது நிறுத்தப்படலாம். ஆய்வுகளில் மாதிரித் தாவரமாகப் பயன்படும் அராபிடாப்சிசில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கைனேசு மரபணுக்கள் உள்ளன. இவற்றுள் சில பழுதடைந்தால் செடி நன்கு வளர்ந்து பூத்தாலும் விதை உண்டாகாது.

மகரந்தப்பையில்

மகரந்தப்பையின் உட்புறத்தில் உள்ள டபீட்டம் என்னும் செல் அடுக்கு, வளரும் மகரந்தத்திற்கு ஊட்டமளிக்கிறது. இவ்வடுக்கு உருவாக, செல்லின் மேற்பரப்பில் அமைந்த இ.எம்.எஸ்.1 என்ற ஏற்பிக் கைனேசு தேவை. டி.பி.டி.1 என்ற சிறு புரதம் இதனுடன் இணைந்து குறிப்பை அளிக்கிறது. இ.எம்.எஸ்.1 இல்லாத செடிகளில் நுண்வித்துத் தாய் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன; டபீட்டம் தோன்றுவதில்லை. இதனால் மகரந்தம் உருவாகாமல் செடி ஆண் மலடாகிறது. நெல்லில் இதற்கு இணையான எம்.எஸ்.பி.1 மரபணு பழுதடைந்தாலும் ஆண் மலடு ஏற்படுகிறது.

மகரந்தக்குழாயில்

சூலகமுடியில் விழுந்த மகரந்தத்தூள் முளைத்து, குழாயாக நீண்டு சூலை அடைகிறது. கால்சியம் சார்ந்த சி.பி.கே.17, சி.பி.கே.34 ஆகிய இரு கைனேசுகளும் இல்லாத குழாய்கள் மெதுவாக வளர்வதோடு, சூல் இருக்கும் திசையையும் தவறவிடுகின்றன.

குழாய் வெடிக்கும் நேரமும் முக்கியமானது. குழாயின் நுனியிலுள்ள அங்சுர்1, அங்சுர்2 ஆகிய ஏற்பிக் கைனேசுகள் அது வழியில் வெடிக்காமல் காக்கின்றன. இவற்றுள் ஒன்று மட்டும் இல்லாவிட்டால் பாதிப்பு தெரிவதில்லை. இரண்டும் இல்லாவிட்டால் குழாய் முளைத்தவுடன் வெடித்துவிடும். சூலில் முட்டை செல்லை அடுத்துள்ள சினர்ஜிட் செல்களில் பெரோனியா என்ற கைனேசு உள்ளது. இது இல்லாதபோது, உள்ளே நுழைந்த குழாய் வெடிக்காமல் வளர்ந்துகொண்டே போகிறது. ஆண் கேமீட்டுகள் வெளிவருவதில்லை. முன்னதாக வெடித்தாலும் வெடிக்காமலே போனாலும் கருவுறுதல் நிகழாது. பெரோனியா என்பது பண்டைய இத்தாலியின் வளமைத் தெய்வம். அங்சுர் அத்தெய்வத்தின் துணைவர் பெயர்.

வேளாண்மையில்

நெல் போன்ற பயிர்களில் கலப்பின விதை உற்பத்தியின்போது தன் மகரந்தச்சேர்க்கையைத் தவிர்க்க ஆண் மலட்டுச் செடிகள் பயன்படுகின்றன. தானியப் பயிர்களின் விளைச்சல் கருவுறுதலைச் சார்ந்திருப்பதால், மகரந்தத்தை வளர்க்கும் கைனேசுகளைப் பற்றிய அறிவு பயிர்ப் பெருக்கத்திற்கும் தேவையானதாகும்.