வானில் நான்கு மணி, தரையில் ஆறு மணி

இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்று கேட்டால் வரைபடம் விடை சொல்லிவிடும். பயணத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை வரைபடத்தால் மட்டும் சொல்ல இயலாது. மதுரையும் கோலாலம்பூரும் இதற்குத் தக்க சான்று.

புவியின் வளைவையொட்டி அளந்தால் இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 2,700 கி.மீ. தொலைவு உள்ளது. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் பறக்கும். மேலெழும்பவும் தரையிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தாலும் இது ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கோலாலம்பூர் செல்வதற்கு ஏறக்குறைய இதே நேரம்தான் ஆகிறது. பயணச்சீட்டில் அது ஆறரை மணி நேரமாகத் தோன்றக்கூடும். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதே அதற்குக் காரணம்.

நான் வசிக்கும் ஆரப்பாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ளது. ஆனால், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இல்லை. மாட்டுத்தாவணி சென்று, பேருந்தேறித் திருச்சி சேர்ந்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும். வானில் நான்கு மணி நேரம் என்றால் தரையில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் கழிகிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஆரப்பாளையம் வந்திறங்குவோருக்கு இன்னும் கூடுதல்.

இதற்குக் காரணம் தொலைவன்று, அனுமதி. ஒரு நாட்டின் வான்வெளி அந்நாட்டுக்கே உரியது என்பதையும், அதன் இசைவின்றி அயல்நாட்டு விமானங்கள் அங்கே வழக்கமான சேவை நடத்தக் கூடாது என்பதையும் 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை வரையறுத்தது. அதன் வழியில் நாடுகள் தமக்குள் இருதரப்பு விமான சேவை ஒப்பந்தங்கள் செய்துகொள்கின்றன. அயல்நாட்டு விமானங்கள் எந்தெந்த ஊர்களுக்கு வரலாம் என்பதை அவையே முடிவு செய்கின்றன. மலேசியாவுடனான ஒப்பந்தத்தில் திருச்சி உண்டு, மதுரை இல்லை. இலங்கையுடனான ஒப்பந்தம் இடமளிப்பதால் கொழும்பிலிருந்து அந்நாட்டு விமானம் மதுரைக்கு வருகிறது.

உள்நாட்டு நிறுவனங்கள் வளர வேண்டும் என்பதற்காகவே புதிய ஊர்களை அயல்நாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுவதில்லை என்கிறது மத்திய அரசு. அக்கறை நியாயமானதே. இந்திய நிறுவனங்கள் மதுரையிலிருந்து கோலாலம்பூருக்குப் பறக்க இந்த ஒப்பந்தம் தடையில்லை. ஆனால், அவையும் பறக்காமல், பிறரும் வர இயலாமல் இருக்கும் நிலையில் இழப்பு பயணிக்குத்தானே?

தந்தையின் இறுதிச் சடங்குக்காக மலேசியாவிலிருந்து விரைந்து வரும் மகனுக்கு இரண்டு மணி நேரம் என்பது சிறிதன்று. உள்நாட்டு நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட கால அவகாசம் அளிக்கலாம். அதற்குள் அவை முன்வராவிட்டால் மதுரையை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே முறை. கடலின் அகலத்தை நம்மால் குறைக்க முடியாது. தரையில் வீணாகும் நேரத்தை அரசால் குறைக்க முடியும்.