மணலில் ஓர் எழுத்தாணி

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளியைக் கடந்து சென்றால் நிலாவெளி. புறாமலைத் தீவைக் காண்பதற்கென்றே இங்கு வருவோர் பலர். கடலை நோக்கிய கண்ணைச் சற்றே தாழ்த்தி, அலை எட்டாத மேட்டு மணலைப் பார்ப்போர் மிகச் சிலர். அத்தகைய மணலில் அடம்பங்கொடி படர்ந்திருக்கும். இராவணன் மீசை முள்ளாய் நிமிர்ந்திருக்கும். இவற்றினிடையே தரையோடு தரையாகக் கிடந்து மஞ்சட் பூப்பூக்கும் சிறு செடியொன்று உண்டு. எழுத்தாணிப்பூண்டு என்பது அதன் பெயர்.

ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தை நினைவூட்டும் பெயரன்றோ இது! பெயரிட்டவர் யாரோ அறியோம். அதன் மெல்லிய பூக்காம்பைக் கண்டவர்க்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். பேர்லின் நகரத்துத் தாவரநூல் அறிஞர் வில்டெனோ இதனை விவரித்தபோது இட்ட சிறப்புப் பெயரோ இதன் ஓடுதண்டைக் குறிப்பது. அத்தண்டு மணலின்மேல் நீண்டு செல்லும். கணுத்தோறும் வேர்விட்டு, இலைக்கொத்தொன்றை வைத்துவிட்டு மேலே நகரும்.

இது சூரியகாந்திக் குடும்பத்தது. ஆயினும் நெருங்கிய உறவு சலாதுக் கீரையோடுதான். இலையைக் கிள்ளினால் வெண்பால் கசியும். ஒரு பூவென்று நாம் கொள்வது பல சிறு பூக்களின் கூட்டம். வழியோரத்து மூக்குத்திப்பூவில் நடுவே குழாய்ப் பூக்களும் ஓரத்தில் நாக்குப் பூக்களும் இருக்கும். இதிலோ எல்லாம் நாக்குப் பூக்களே. ஒவ்வொன்றின் நுனியிலும் ஐந்து பற்கள் உண்டு. மாணவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

நாம் களையெனக் கருதும் இப்பூண்டு மாலைதீவில் விரும்பி உண்ணப்படும் கீரை. ஆங்கு இதனைக் குளபிலா என்பர். வீட்டுத் தோட்டங்களில் வளர்ப்பர். இலையை நுண்ணிதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிப்புளி, மாசி ஆகியவற்றோடு பிசைந்து ரொட்டியுடன் உண்பர். ஏறக்குறைய நம் சம்பல்தான். மாலைதீவு மாசி நம் அடுக்களைகளுக்குப் பன்னெடுங்காலமாக வந்துள்ளது. அதனோடு சேரும் இலையின் சுவை மட்டும் வரவில்லை. அது கப்பலேறி வரவேண்டியதும் இல்லை. நம் காலடியிலேயே கிடக்கிறது.

இனியும் கிடக்குமா என்பதே கவலை. கடற்கரையில் விடுதி எழுப்புவோர்க்கு மணல்மேடு ஓர் இடையூறு, கொடிகளோ குப்பை. மேட்டைச் சமப்படுத்தினால் முதலில் மறைவன இத்தகைய சிறு பூண்டுகளே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை இவை தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, அது வீண்பேச்சு. ஆண்டுதோறும் வாடைக்காற்று அலைக்கழிக்கும் மணலைப் பற்றி நிறுத்துவதே இவற்றின் தொழில். ஆதலால், உண்பதற்கு நல்லதென்று கேட்டவுடன் கடற்கரைக்குச் சென்று வேரோடு பிடுங்குவதும் தகாது. வேண்டுவோர் வீட்டில் வளர்த்துக்கொள்ளலாம்.

வளர்ப்பது எளிது. மாரி ஓய்ந்தபின், வேர்விட்ட இலைக்கொத்து ஒன்றிரண்டை ஓடுதண்டின் இருபுறமும் அறுத்து எடுத்தாற் போதும், தாய்ச்செடி அழியாது. நல்ல வெயில் படும் இடத்தில், மணலோடு சிறிது மக்கிய இலையுரம் கலந்து நடவேண்டும். வேர் பிடிக்கும்வரை அளவாக நீர் தெளிக்கலாம்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் வெண்குஞ்சத்தோடு பறக்கும் விதையைக் காற்று கொண்டுபோகுமுன் பிடிப்பது பொறுமைக்கு ஒரு சோதனை! முற்றிய இலை கசக்கும். இளம் இலைகளையே பறித்து, நடுக்குருத்தை விட்டுவிடவேண்டும்.

பாடசாலை முற்றத்தில் மணலுக்குக் குறைவில்லாத ஊர் நிலாவெளி. ஒரு மூலையில் நான்கு கொத்துகள் வைத்தால், மாணவர்க்குத் தாவரப் பாடமும் ஆகும், தமிழ்ப் பாடமும் ஆகும். பாத்தியின் எல்லையைத் தாண்டி ஓடுதண்டு வரும்போது வெட்டி எறியவேண்டாம். அடுத்த பாத்தியின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டாற் போதும்.