ஹீட்டர் சரியாச்சு... ஆனா கூலன்ட் ஒழுகுதே! கார் வைத்திருப்பவர்கள் என்ன செய்யணும்?

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் கார் ஹீட்டர் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். அதை ரிப்பேர் செய்து எடுத்து வந்த சில நாட்களில் கூலன்ட் குறைகிறது, காருக்குள் மேட் ஈரமாகிறது என்றால்? 'கொஞ்சம் ஊத்திட்டு ஓட்டுங்க, சரியாயிடும்' என்ற பதிலை நம்பி ஓட்டினால், இன்ஜினுக்கே செலவு வைக்க வேண்டி வரலாம்.

ஹீட்டருக்கும் கூலன்டுக்கும் என்ன தொடர்பு?

இன்ஜினில் சூடான கூலன்ட், இரண்டு ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள 'ஹீட்டர் கோர்' என்ற குட்டி ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் வழியாக வரும் காற்றுதான் நமக்குக் கிடைக்கும் சூடு. அதனால் ஹீட்டர் கோரிலோ ஹோஸிலோ கை வைத்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்பையே திறந்து மூடுகிறார்கள் என்று அர்த்தம்.

ரிப்பேருக்குப் பிறகு ஏன் ஒழுகுகிறது?

பெரும்பாலும் கழற்றி மாட்டிய இணைப்புகளில்தான் சிக்கல் இருக்கும். பழைய ஹோஸின் முனை இறுகி வெடித்திருக்கலாம். கிளாம்ப் சரியான இடத்தில் உட்காராமல் இருக்கலாம். பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருக்கலாம். பிளாஸ்டிக் பைப் விரிசல் விட்டிருக்கலாம்.

ஏசி தண்ணியா, கூலன்டா?

ஏசி தண்ணீருக்கு நிறமோ வாசனையோ இருக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். கூலன்ட் பச்சை, பிங்க், ஆரஞ்சு என ஏதோ ஒரு நிறத்தில், தொட்டால் வழவழப்பாக இருக்கும். காருக்குள் இனிப்பு வாடை, முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான மூட்டம், ஈரமான தரைவிரிப்பு மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் பக்கம்தான் கசிவு. பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். நாய், பூனைகள் நக்கிவிடும். சிந்தியதை உடனே கழுவி விடுங்கள். குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அளவு குறைந்தாலே கசிவா?

அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்போது, ரிப்பேருக்குப் பிந்தைய முதல் சில ஓட்டங்களில் அளவு கொஞ்சம் இறங்கும். டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' சத்தம், ஹீட்டரில் திடீரெனக் குளிர்ந்த காற்று ஆகியவை இந்த 'ஏர் லாக்'கின் அறிகுறிகள். தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வாயர் டேங்கை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாப்-அப் செய்த பிறகும் அளவு இறங்கிக்கொண்டே போனால் அது கசிவுதான்.

மலைப்பாதையில் ஏன் கூடுதல் ஆபத்து?

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெறும் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கலவையும், மூடி பிடித்து வைக்கும் அழுத்தமும்தான் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்கின்றன. கசிவு இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. ஏற்றத்தில் இன்ஜின் ஓவர்ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கெட் போகலாம். சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம்.

வழியில் டெம்பரேச்சர் முள் ஏறினால்?

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?

* 'பிரஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க' எனக் கேளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பம்ப் மூலம் அழுத்தம் கொடுத்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.
* புது ஓ-ரிங், கிளாம்ப் போட்டார்களா, காற்றை முழுசாக எடுத்தார்களா என்று கேளுங்கள்.
* கசிவை அடைக்கும் பவுடர், திரவம் வேண்டாம். ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையே அது அடைத்துவிடக்கூடும்.
* உடனே சரிசெய்ய முடியாவிட்டால், பல கார்களில் ஹீட்டர் கோரைத் தவிர்த்து இரண்டு ஹோஸ்களையும் 'பைபாஸ்' செய்யலாம். ஹீட்டர் வேலை செய்யாது, கார் ஓடும். ஆனால் இது தற்காலிகம்தான்.

பில்லை மட்டும் தொலைச்சிடாதீங்க. செய்த வேலையில் குறை இருந்தும் சரிசெய்து தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அப்போது பில்லும், தினமும் எடுத்த போட்டோக்களும் கை கொடுக்கும்.