படகுக்கே 50 யூனிட் பேட்டரி போதும்னா, உங்க ஸ்கூட்டருக்கு எவ்வளவு வேணும்?

வேப்பனப்பள்ளியில் இருந்து தினமும் ஓசூர் கம்பெனிக்குப் போய் வரும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பெரிய பேட்டரி மாடல் 30,000 ரூபாய் அதிகம். ஆனா நடுவழியில நின்னுடுமோன்னு பயமா இருக்கு. அதையே எடுத்துடவா?"

பதிலுக்கு முன்னாடி ஒரு படகுக் கணக்கு. கேரளாவில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓட ஆரம்பித்தது. 75 பேர் ஏறலாம். 20 கிலோவாட் மோட்டார் இரண்டு. பேட்டரியில் பிடிப்பதோ 50 யூனிட் கரண்ட்தான். இரண்டு மோட்டாரையும் முழுசா முறுக்கினால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி! ஆனாலும் பகல் முழுக்க டிரிப் அடிக்குது.

எப்படி? காயலைக் கடக்க கால் மணி நேரம் போதும், அதற்கு மோட்டாரை முழுசா முறுக்க வேண்டியதும் இல்லை. கூரை மேல் 20 கிலோவாட் சோலார் பேனல் வெயில் இருக்கும்வரை நிரப்பிக்கொண்டே இருக்கும். மிச்சத்தை ராத்திரி கரையில் பிளக் போட்டு ஏற்றிக்கொள்வார்கள். ஆக, நாள் முழுத் தேவைக்கும் பேட்டரி வேண்டியதில்லை. ஒரு சார்ஜுக்கும் அடுத்த சார்ஜுக்கும் நடுவில் தாங்கினால் போதும்.

இப்ப தம்பி கணக்கு. போக வர 100 கி.மீ.னு வைங்க. சின்ன பேட்டரி நிஜ ரோட்டில் 80 கி.மீ. தாங்கும்னா, பத்தாது. ஆனா கம்பெனி பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைச்சா? தேவை 50 கி.மீ. ஆயிடுது. அதுக்கு சுமார் 2 யூனிட். 700 வாட் சார்ஜரில் மூணு மணி நேரம். ஷிப்டு எட்டு மணி நேரமாச்சே!

அந்த 30,000 ரூபாயை 11% வட்டியில் 3 வருஷ லோனாப் போட்டா மாசம் 982 ரூபாய், மொத்தம் 35,000க்கு மேல்.

வீட்டு மீட்டரையும் பாருங்க. முழுசும் வீட்டிலேயே ஏத்தினா ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் வரை கூடும். பில் 500 யூனிட்டைத் தாண்டிடுச்சுன்னா, கீழ் ஸ்லாப் யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும். இதை ஷோரூம்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

கம்பெனியில் சார்ஜ் போட விடலையா? அப்ப யோசிக்காம பெரிய பேட்டரியே எடுங்க, அந்த 982 வீண் செலவு இல்ல. விட்டாங்கன்னா, புக் பண்றதுக்கு முன்னாடி ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல எழுதி வாங்கிடுங்க. செக்யூரிட்டி அண்ணன் தலையாட்டினதை நம்பி வண்டி எடுக்காதீங்க.