நாய் நாற்றம் போக என்ன வழி?

நம் போடி வட்டாரத்தில் நாய் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. பக்கத்து ஊரான கோம்பையின் பெயரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது. காட்டுப்பன்றியை விரட்டவும், இரவுக் காவலுக்கும் நாய் வேண்டும். ஆனால், "மழை பிடிச்சாப் போதும் சார், நாத்தம் தாங்கலே" என்று பலரும் சொல்கிறீர்கள். வாசனை சோப்பு போட்டால் இரண்டு நாளில் பழைய கதைதான். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் காரணம் ஈரம். ஆனி, ஆடியில் ஏலமலையில் சாரல் விடுவதில்லை. நனைந்த முடிக்கு அடியில் கிருமிகளும் பூஞ்சையும் பெருகுகின்றன. தோட்டத்திலிருந்து வந்ததும் வயிறு, கால் விரல் இடுக்கு எல்லாம் பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை துவைத்து வெயிலில் போடுங்கள்.

மாதம் ஒரு முறை, வெயில் உள்ள நாளில், முற்பகலில் குளிப்பாட்டினால் போதும். நாய்களுக்கென்று விற்கும் சோப்பே நல்லது; நம் சோப்பு அதன் தோலை வறளச் செய்யும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. குளித்த பிறகும் நாற்றம் இருந்தால் காதையும் வாயையும் பாருங்கள். காதில் சீழ், பல்லில் காரை இருந்தால் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது உண்ணி. இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒருவர், ஏலச்செடிக்கு அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தை நாயின் மேல் தடவிவிட்டார். நாய் உடம்பை நக்கியது. எச்சில் வடிந்து, உடம்பு நடுங்கி, விடிவதற்குள் செத்துப்போனது. பயிர் மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். தடவிய கைக்கும் ஆபத்து. அந்த நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து. தப்பித் தவறிப் பட்டுவிட்டால், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். நாயை நக்க விடாமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

உண்ணிக்கென்று தனி மருந்து உண்டு. நாயின் எடைக்குத் தக்க அளவை மருத்துவர் சொல்வார். ஆனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய் படுக்கும் இடத்தில் வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணியைக் கையால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுத்தெடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது வெறிநோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மறக்கக் கூடாது. நம் வாசலைக் காக்கும் நாயைச் சுத்தமாக வைத்திருப்பது, நம் வீட்டையே காப்பதாகும்.